தனியே பயிலும் சரித்திர மாணவன்

கொட்டாஞ்சேனையிலே இரவு ஒன்பது மணி. கடைக்கதவு அடைக்கப்பட்டுவிட்டது. பகல் முழுவதும் கணக்கேடு கிடந்த மேசையிலே இப்பொழுது பதினோராந்தர வரலாற்றுப் பாடநூல் விரிந்து கிடக்கின்றது. அதன் முன் அமர்ந்திருக்கும் இளைஞனுக்குப் பாடசாலையில்லை, ஆசிரியரில்லை, ரியூசன் வகுப்புக்குச் செல்ல நேரமுமில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் ஏட்டிலே அவன் ஒரு தனிப்பட்ட பரீட்சார்த்தி. வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிலும் இத்தகையோர் பலர் உளர்.

உயர்தர வகுப்பிற் சேர்வதற்குச் சாதாரண தரத்தில் ஆறு பாடங்களிற் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்திகளாதல் வேண்டும். இவனுக்கு இரண்டே உள. வரலாற்றில் 35 புள்ளி பெற்றால் சாதாரண சித்தி, 50 பெற்றால் திறமைச் சித்தி. அந்தப் பதினைந்து புள்ளிகளுக்கிடையே அவனுடைய எதிர்காலம் நிற்கின்றது.

தனியே படித்துப் பரீட்சை எழுதுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலே தன் பரீட்சைகளை எவரும் எங்கிருந்தும் படித்து எழுதலாம் எனத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில் லண்டன் பரீட்சையையே எழுதினர். வினாத்தாளைத் தயாரித்தவரை அவர்கள் கண்டதேயில்லை.

சரித்திரம் மனனஞ் செய்யும் பாடம் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணமே பலரைத் தோற்கடிக்கின்றது. 1815இல் கண்டி ஒப்பந்தம் என்பதை மட்டும் அறிந்தவனுக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. இராச்சியம் விழுந்தது ஏன், அதன் பின் நடந்தது யாது என்று வினாவுபவனுக்கோ ஒரு சங்கிலியே கிடைக்கின்றது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் பகை, அதனால் ஒப்பந்தம், 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிற் கிளர்ச்சி, கிளர்ச்சியை அடக்கியவர்கள் மலைநாட்டை ஆளத் தெரு வெட்டினர், தெருவின் வழியே கோப்பித் தோட்டம் வந்தது, கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க 1867இல் கண்டிக்குப் புகையிரதம் சென்றது, தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். 1869இற் கோப்பியைப் பிடித்த நோயின் பின்னர் அம்மக்களே தேயிலையைப் பறித்தனர். இவனுடைய பாட்டனாரின் தந்தையும் அவ்வழி வந்தவரே. அது தெரிந்த அன்று பாடநூலின் அந்தப் பக்கம் அவனுக்கு வேறொரு பக்கமாயிற்று!

அவன் குடியிருக்கும் பகுதியே பாதிப் பாடநூல். வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் ஒல்லாந்தர் திறந்தது. சற்றப்பால் பொன்னம்பலவாணேசர் கோயில். அதனைக் கருங்கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1911இல் கற்ற இலங்கையருக்கென ஒதுக்கிய ஆசனத்துக்குத் தெரிவானவர். 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை விவாதத்தில் வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையும் கொட்டாஞ்சேனையிலேதான். தினமும் மூட்டை சுமந்து கடந்த வாயில்களே வினாத்தாளில் வருகின்றன.

ஆயினும் தனியே படிப்பவனுக்கு ஒரு குறையுண்டு: எழுதிய விடையைத் திருத்த ஆளில்லை. நன்றாக எழுதினோம் என்று தானே மகிழ்ந்துகொள்வதினும் பெரிய ஆபத்து வேறில்லை. ஆகவே அவன் கடந்தகால வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்வைத்து எழுதுகின்றான். பின்னர், புள்ளி வழங்குந் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, பிறன் விடையைத் திருத்துவதுபோற் சிவப்பு மையாற் கோடிடுகின்றான். முதன்முறை கிடைத்தவை 31 புள்ளிகள். தேசப்படம் குறிக்கும் வினாவிலே பாதி பிழை. அன்றிலிருந்து பொருள் சுற்றிவந்த தாளின் பின்புறத்திலே இலங்கைப் படத்தை நாளுக்கொன்றாக வரைகின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம். ஏனைய நாட்களில் இந்த மேசை. உடன் வேலைசெய்யும் முதியவர், “தம்பி, இன்றைக்கு எந்த ராசா?” என்று கேட்பார். அவருக்குக் கதையாய்ச் சொல்லிக்காட்டும்போது எங்கே நாத் தடுக்குகின்றதோ, அங்கேதான் படிப்பிலும் ஓட்டை.

பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமைகள். நேற்றிரவு திருத்திய தாளில் 47 புள்ளிகள். முதலாளியிடம் அந்த ஒரு நாள் விடுமுறையை அவன் இன்னும் கேட்கவில்லை.