குற்றம் தேடுவதை விடுங்கள், கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

1879 முதல் 1945 வரை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இருந்த ஊர் இந்த லைப்சிக். 1900இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டம், விவாகரத்து வேண்டுமானால் பெரும்பாலும் துணையின் குற்றத்தை நிரூபிக்கச் சொன்னது. கிழக்கு ஜெர்மனி 1955இலும் மேற்கு ஜெர்மனி 1977இலும் அந்த முறையைக் கைவிட்டன. இன்று நீதிபதி கேட்பது ஒன்றே: மணவாழ்வு முறிந்துவிட்டதா? ஓராண்டு பிரிந்திருந்து இருவரும் சம்மதித்தால், முறிந்ததாகவே சட்டம் கொள்ளும். ஆனால் இங்கு வாழும் தமிழர்களாகிய நாமோ, குற்றத்தைக் காரணமாகக் கேட்ட இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தை இன்னும் நெஞ்சில் சுமக்கிறோம். இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டம் 1976இலேயே பரஸ்பர சம்மதத்துக்கு வழிவிட்டும், யார் கெட்டவர் என்று ஊரைக் கூட்டுகிறோம். நீதிமன்றமே கேட்காத கேள்விக்குப் பிள்ளைகளைச் சாட்சியாக்குவது என்ன நியாயம்?

சுமுகமாகப் பிரிய வழிகாட்டினால் குடும்பங்கள் சிதறும் என்கிறார்கள். சேர்ந்து வாழ வழியுண்டா என்று யோசிக்கத்தான் அந்த ஓராண்டு இருக்கிறது. அதன் பிறகும் முடியாதென்றால், சண்டை அந்த மணத்தைக் காப்பாற்றாது; பிள்ளையைப் பெற்ற இருவரும் நாளை பேசிக்கொள்ளும் வழியைத்தான் அடைக்கும்.

சம்மதம் என்ற பெயரில் பெண்ணை ஏமாற்றிவிடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. கிழக்கு ஜெர்மனியில் குற்றம் சாட்டாமலே விவாகரத்து கிடைத்தது. ஆனால் ஓய்வூதியப் பங்கீடு இல்லை. பிள்ளை வளர்க்க வேலையைக் குறைத்த பெண்கள் பலர் முதுமையில் அதன் விலையைக் கொடுத்தார்கள். 1992இல்தான் லைப்சிக் உள்ளிட்ட இந்தக் கிழக்குப் பகுதிக்கு அந்தப் பங்கீடு வந்தது. ஆகவே கணக்கைத் தீர்க்காத சமாதானம் சமாதானமே அல்ல! சம்மத விவாகரத்துக்கு ஒரு வழக்கறிஞர் போதும் என்பது உண்மை. அவர் மனுதாரருக்காக மட்டுமே பேசுவார் என்பதும் உண்மை. எனவே மற்றவரும் தனியாக ஆலோசனை பெற வேண்டும். வருமானம் முழுவதையும் இருவரும் வெளிப்படுத்த வேண்டும். ஜீவனாம்சமும் ஓய்வூதியமும் பற்றிய உடன்பாட்டை நோட்டரி முன் எழுத வேண்டும். பிள்ளைகளைப் பற்றிப் பேச இளையோர் நல அலுவலகமான யூகன்ட்அம்ட் இருக்கிறது. அடி உதை உள்ள வீட்டில் மட்டும் சமரசம் பேசாதீர்கள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

உறவினர்களே, பிரியும் இருவருக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். பிள்ளை எங்கே வளரும், வாடகையை யார் கட்டுவார், முதுமைக்கு என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கித் தருவதே நீங்கள் செய்யக்கூடிய உதவி!