பணம் யாருடையது? கணக்கு யாருக்கு?



கம்பெனிப் பணம் கட்சிகளுக்குப் போவது நேற்றுப் பிறந்த செய்தி அன்று. அரசியல் நன்கொடை வழங்க இசைவு வேண்டி, டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி 1957-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் படியேறிற்று. சட்டம் தடுக்கவில்லையாதலால் இசைவளித்தார் தலைமை நீதிபதி சாக்ளா. அளித்தவரே, இப்போக்கு வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரித்துவிடும் என்றும் எச்சரித்தார்.

அதன்பின் எத்தனை மாற்றங்கள்! 1960-இல் வரம்பு கட்டினார்கள். 1969-இல் அடியோடு தடுத்தார்கள். 1985-இல் மீண்டும் திறந்தார்கள். திறந்தபோதும், தொகையையும் பெற்றவர் பெயரையும் கணக்கில் காட்டு என்றது சட்டம். 2017-இல் பெற்றவர் பெயரைக் காட்டும் கடமை போயிற்று. இலாபத்தில் ஏழரை சதவிகிதம் என்றிருந்த வரம்பும் போயிற்று. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக அத்தனையும் செல்லாது என்றனர்.

பெயர் வெளிவந்தால் பழிவாங்குவார்களே என்று பரிந்து பேசியோர் உண்டு. பத்திரம் விற்றது யார்? அரசுடைமை வங்கி! ஆள்வோர் அறிய வழி இருந்தது. இருட்டில் நிறுத்தப்பட்டவன் வாக்காளன் அல்லவா?

அந்தப் பணந்தான் யாருடையது? பங்குதாரர் என்றால் பஞ்சணையில் படுத்திருப்போர் மட்டுமல்லர். பெருங் கம்பெனிகள் பலவற்றில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பங்கு வைத்திருக்கிறது. ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரிமியம் அதிலே இருக்கிறது. அவர்களைக் கேட்டார்களா? இல்லை! இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போட்டால் போதும் என்கிறது நம் சட்டம். பிரிட்டனிலோ, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், பங்குதாரர் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும்.

தீர்ப்போடு தீர்ந்ததா தொல்லை? தேர்தல் அறக்கட்டளை என்னும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. கொடுத்த கம்பெனிகளின் பட்டியல் ஒருபுறம், பெற்ற கட்சிகளின் பட்டியல் மறுபுறம். எவர் பணம் எவரிடம் சேர்ந்தது என்பது மட்டும் மூடுமந்திரம்!

ஆகவே கேட்கிறோம்: கொடுக்குமுன் பங்குதாரரைக் கேளுங்கள், கொடுத்தபின் எவர் பணம் எந்தக் கட்சிக்கு என்பதை, வாக்களிக்கும் நாளுக்கு முன்பே வெளியிடுங்கள்.

கலியாண வீட்டில் ஒரு ரூபாய் மொய் வைக்கும் ஏழையும் ஊரும் பேரும் சொல்லி எழுதச் சொல்கிறான். கோடி கொடுப்போர் பெயரைச் சொல்ல நாணுவானேன்? நாண வேண்டிய கொடையென்றால், அதற்கு நன்கொடை என்ற பெயர் எதற்கு?