வயலில் நேரும் விபத்தை உடனே அறிவியுங்கள்

கமக்காரப் பெருமக்களே,

பயிரில் நோயின் முதற்புள்ளி தோன்றியதும் விவசாயப் போதனாசிரியரிடம் ஓடுகின்றீர்கள். உங்கள் காலில் மண்வெட்டி பட்டாலோ, "சிறு காயந்தானே" என்று மறைத்துவிடுகின்றீர்கள். காயத்துடன் சேற்றில் நிற்போரை எலிக்காய்ச்சல் எளிதிற் பற்றும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடங் கூறித் தடுப்புக் குளிசை பெறலாம். காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரிடஞ் சென்று, வயலில் வேலை செய்ததையுஞ் சொல்லுங்கள். காலந் தாழ்த்தினால் நோய் சிறுநீரகத்தையுந் தாக்கக்கூடும்.

அரிவு வெட்டும்போது பாம்பு தீண்டினால், கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலுந் தவறு. அருகில் நிற்பவரைக் கூவி அழையுங்கள். கடிபட்ட காலை அசைக்காது உடனே ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்சு வண்டி வரும்.

கிருமிநாசினி தெளிக்கையில் தலைச்சுற்றோ வாந்தியோ உண்டானால், வேலையை நிறுத்தி, உடையை மாற்றி, உடலைக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டை வைத்தியருக்குக் காட்டுங்கள்.

தீங்கு நேராது தப்பியதையும் அறிவித்தல் வேண்டும். ஒழுகும் தெளிகருவியையும், மூடி கழன்ற இயந்திரத்தையும் பற்றி இன்று சொல்லாதுவிடின், நாளை அவற்றைத் தொடுபவர் தப்பாதிருக்கலாம்.

வயற்சொந்தக்காரரே, செய்தி கொண்டுவருபவரை ஏசாதீர்கள். ஏச்சு வாங்கியவர் மறுமுறை வாய் திறவார். நேர்ந்ததை நாளும் இடமும் காரணமுங் குறித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்; அக்காரணத்தை அன்றே நீக்குங்கள். பயிரைக் காப்பதுபோல் பயிரிடுபவரையுங் காத்தல் நம் கடமையாகும்.