மேஸ்திரிக்கு வேண்டிய யோக்கியதை

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தார் குறித்திருக்கும் விஷயம், "வேலைத்தலத்தில் தலைமை வகிப்பவருக்கு வேண்டிய குணங்கள்" என்பதாகும். இதைப்பற்றிப் பேச எனக்குப் பட்டமோ பரீட்சையோ ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாவது வரையில்தான். மற்றதெல்லாம் ஆலையிலும் வாசகசாலையிலும் பொறுக்கிக்கொண்டது. ஆனால், மேஸ்திரியின் கீழ் நின்று வேலை செய்தும் இருக்கிறேன். நானே மேஸ்திரியாக நின்று பிறரை வேலை வாங்கியும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

நல்ல மேஸ்திரி யார் என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "அவன் தலையைக் கண்டால் ஆட்கள் நடுங்க வேண்டும்" என்பார். இன்னொருவர், "அது பிறவியிலேயே வரவேண்டும், முகத்திலேயே அந்தக் களை தெரியும்" என்பார். மூன்றாமவர், "அவன் கைராசிக்காரன், அவன் நின்றால் வேலை ஓடும்" என்பார். இந்த மூன்று பேச்சிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. வேலை ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று காரணம் பார்க்கிற தொல்லை மூவருக்குமே இல்லை. பயம், பிறவி, ராசி என்று ஆளுக்கொரு வார்த்தையைச் சொல்லிவிட்டு யோசனையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், வேலைத்தலத்தில் தலைமை வகிப்பவருக்கு வேண்டிய முதல் யோக்கியதை, தப்பு நேர்ந்தவுடன் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுவதேயாகும். மற்ற குணங்களெல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

இதை நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதருக்கு அநியாயம் செய்து தெரிந்துகொண்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நூற்பாலையில் நான் மேஸ்திரியாக இருந்த காலம். ஒரு கோடையில், ஒரே ஒரு யந்திரத்தில் மட்டும் இழை ஓயாமல் அறுந்துகொண்டேயிருந்தது. அதில் நின்றவர் என்னைவிட வயதில் மூத்தவர். ஒட்டி ஒட்டி அவர் கை ஓய்ந்துபோயிற்று. நானோ, எனக்கு மேலே இருப்பவர் என்னைக் கேட்பாரே என்கிற பயத்தில், பத்துப்பேர் எதிரில் அவரை, "என்ன, தூங்குகிறாயா?" என்று ஏசினேன். அரை நாள் கூலியையும் பிடிக்கச் செய்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய வேறொருவரை அந்த யந்திரத்தில் நிறுத்தினேன். அவருக்கும் அதேமாதிரி இழை அறுந்தது. அப்புறந்தான் ஏணி போட்டு ஏறி மேலே பார்த்தேன். அந்த யந்திரத்துக்கு நேர் மேலே ஈரக்காற்று வருகிற வாய் பஞ்சுத் தூசியால் அடைபட்டுக் கிடந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சிழை அதிகமாக அறும் என்பது நூற்பாலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மேலே ஏறிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். ஒரு மனிதரை ஏச அரை நிமிஷம் போதும். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த அரை நாள் கூலி இன்றுவரை என் கணக்கில் பாக்கியாகவே நிற்கிறது.

நிற்க, அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகுதான் ராபர்ட் ஓவன் என்பவருடைய சரித்திரம் என் கைக்குக் கிடைத்தது. இதே பஞ்சாலைத் தொழிலில், 200 வருஷங்களுக்கு முன்பே, நான் தவறவிட்டதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார் என்பதைப் பார்த்து வெட்கமும் சந்தோஷமும் ஒருங்கே அடைந்தேன்.

இந்த ஓவன் 1771-இல் வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்கிற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் சேணம் தைத்தும், இரும்புச் சாமான் விற்றும் பிழைத்தவர். ஓவன் பள்ளிக்குப் போனது பத்து வயது வரையில்தான். பிறகு ஜவுளிக்கடைகளில் வேலைக்கிருந்து, இருபது வயதை ஒட்டி மான்செஸ்டர் நகரில் ஏறக்குறைய 500 பேர் வேலை செய்கிற ஒரு பஞ்சாலைக்கு நிர்வாகியானார். அந்த ஆலை வேலை அவருக்குச் சரியாகத் தெரியாது. நம்மில் ஒருவராயிருந்தால் என்ன செய்திருப்போம்? தெரியாததை மறைக்க, முதல் நாளே நாலு பேரை விரட்டியிருப்போம். அவர் என்ன செய்தார் என்பதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆறு வாரம் வரையில், காலையில் ஆட்களோடு ஆளாக உள்ளே போவார். இரவு ஆலையைப் பூட்டும்வரை இருப்பார். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார். யாராவது கேட்டால் ஆம், இல்லை என்பதற்குமேல் பேசமாட்டார். நேரான உத்தரவு ஒன்றுகூடப் போடவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். அதிகாரம் கிடைத்த அன்றே வாய் திறக்கிறவர்கள் ஏராளம். கண் திறக்கிறவர்கள்தான் அபூர்வம்.

பிறகு 1799-இல், ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையிலுள்ள நியூ லானார்க் என்கிற ஆலைகளை ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் 60,000 பவுனுக்கு வாங்கினார்கள். 1800-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஓவன் அங்கே நிர்வாகத்தை ஏற்றார். ஆலையும் ஊரும் சேர்ந்து இரண்டாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். அதில் சுமார் 500 பேர் தருமச் சத்திரங்களிலிருந்து கொண்டுவந்து வேலைக்கு விடப்பட்ட குழந்தைகள். குடியும் திருட்டும் மலிந்திருந்தன. வெளியூர்க்காரரான புது எஜமானனை ஒருவரும் நம்பவில்லை.

"இந்த ஜனங்களே இப்படித்தான், பிறவிக் குணத்தை மாற்ற முடியாது" என்று சொல்லிவிட்டுச் சவுக்கை எடுப்பதுதான் அக்காலத்து வழக்கம். ஓவனோ, மனிதனுடைய குணம் அவன் இருக்கும் நிலைமையால் உண்டாக்கப்படுகிறது. நிலைமையை மாற்றினால் குணமும் மாறும் என்றார். சொன்னதோடு நிற்காமல் நிலைமையை மாற்ற ஆரம்பித்தார். கடைக்காரர்கள் மட்டமான சாமானை அதிக விலைக்கும் கடனுக்கும் விற்று ஜனங்களை அழுத்தி வைத்திருந்தார்கள். அவர் மொத்தமாக நல்ல சாமான் வாங்கி, ஏறக்குறைய அடக்க விலைக்கே விற்க ஒரு கடை திறந்தார். சத்திரத்துக் குழந்தைகளைப் புதிதாக எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதில்லை என்று ஏற்பாடு செய்தார். 1816-இல் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அதே வருஷத்தில் வேலை நேரத்தை, சாப்பாட்டு நேரம் போக, 10¾ மணியாகக் குறைத்தார். இன்றைக்கு அது அதிகம்தான். ஆனால் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் உழைத்த காலம் அது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆலைக்குள் தண்டனைக்குப் பதிலாக ஒரு புது ஏற்பாடு செய்தார். நாலு பக்கமுள்ள ஒரு சிறு மரக்கட்டை. ஒரு பக்கம் கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. கறுப்பு என்றால் மோசம், வெள்ளை என்றால் மிக நல்லது. நேற்றைய நடத்தைக்கு ஏற்ற நிறம் இன்று முன்பக்கம் தெரியும்படி ஒவ்வொருவர் இடத்திலும் தொங்கும். இதற்குப் "பேசாத கங்காணி" என்று பேர் சொல்லலாம். இதனால் அடியும் திட்டும் இல்லாமற் போயிற்று. முதலில் கறுப்பே அதிகமாயிருந்து, பிறகு சிறிது சிறிதாக மஞ்சளும் வெள்ளையுமாக மாறிவந்ததாக ஓவன் எழுதியிருக்கிறார். ஆனாலும், ஒரு மனிதனுடைய யோக்கியதையை எல்லோர் கண்ணிலும் படத் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் செய்தார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கூடாதல்லவா? அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மேற்பார்வைக்காரன் போட்ட நிறம் அநியாயம் என்று தோன்றினால், தொழிலாளி நேரே ஓவனிடம் வந்து முறையிடலாம். மேஸ்திரி சொன்னதே முடிவு என்றில்லாமல், அவன் தீர்ப்புக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு என்று வைத்தாரே, அதுதான் பெரிய காரியம். என் ஆலையில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால், அந்தப் பெரியவர் ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டார்.

இவ்வளவு செய்தும் ஜனங்கள் ஓவனை முழுதும் நம்பவில்லை. நம்பிக்கை எப்போது வந்தது தெரியுமா? அவர் பொறுப்பேற்று ஏறக்குறைய எட்டு வருஷம் ஆனபின், அமெரிக்க அரசாங்கம் இங்கிலாந்துக்குப் பஞ்சு போவதைத் தடுத்துவிட்டது. பஞ்சு விலை ஏறிவிட்டது. மற்ற ஆலைக்காரர்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓவனும் யந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. யந்திரத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லி, நாலு மாதம் வரையில் முழுச் சம்பளம் கொடுத்தார். அதற்கு 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த ஜனங்கள் அவரை நம்பினார்கள். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியதென்ன? லாப காலத்தில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்ல யாராலும் முடியும். நஷ்டம் வரும்போது அதை யார் தலையில் போடுகிறான் என்பதைப் பார்த்துத்தான் தலைவனை அளக்க வேண்டும்.

"இப்படியெல்லாம் செய்தால் தொழில் திவாலாகாதா?" என்று சிலர் கேட்கலாம். 1799-இல் 60,000 பவுனுக்கு வாங்கிய அந்த ஆலைகள், 1813 கடைசியில் ஏலத்துக்கு வந்தபோது 1,14,100 பவுனுக்குப் போயின. ஓவனே புதிய கூட்டாளிகளோடு சேர்ந்து ஏலத்தில் எடுத்தார். பழைய கூட்டாளிகள் பள்ளிக்கூடச் செலவு வீண் என்று முணுமுணுத்தவர்கள். அப்படிப்பட்ட தொழிலைத்தான் இந்த விலைக்கு எடுக்கவேண்டி வந்தது. யந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் லாபம் என்று தெரிந்துவைத்திருக்கும் ஆலைக்காரர்கள், அதைவிட நுட்பமான உயிருள்ள மனிதனைக் கவனித்தால் லாபம் என்று ஏன் யோசிப்பதில்லை என்கிற கருத்துப்பட அவர் அந்நாளிலேயே அவர்களைக் கேட்டிருக்கிறார்.

இன்னொரு கேள்வியும் வரும். "அப்படியானால் சோம்பேறியே கிடையாதா? தண்டனையே கூடாதா?" என்பார்கள். சோம்பேறியும் உண்டு, ஏமாற்றுகிறவனும் உண்டு. ஆனால் மற்றக் காரணங்களைப் பார்த்து நீக்கிய பிறகுதானே அவன் சோம்பேறி என்று நமக்குத் தெரியும்? ஆளை மாற்றியும் தப்பு மாறாவிட்டால், தப்பு ஆளிடத்தில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள மகா சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. பொறுமைதான் வேண்டும்.

தோழர்களே! ஓவனைத் தூக்கி வைத்துக் கும்பிடச் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். இதே மனிதர் 1825-இல் அமெரிக்காவில் இண்டியானா நாட்டில் நியூ ஹார்மனி என்று ஒரு ஊரையே விலைக்கு வாங்கி, எல்லோரும் சமமாக வாழும் சமுதாயம் என்று தொடங்கினார். வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். யாருக்கு என்ன வேலை தெரியும் என்று பார்க்கவில்லை. சில மாதங்களில் ஊரை மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் போய், அடுத்த வருஷம் ஜனவரியில்தான் திரும்பினார். 1827-க்குள் அந்த ஏற்பாடு சிதைந்துபோயிற்று. அவருடைய சொத்தில் பெரும்பகுதியும் போயிற்று. மான்செஸ்டரில் ஆறு வாரம் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அமெரிக்காவில் பார்ப்பதற்கு முன்பே பேசிவிட்டார். எண்ணம் நல்லது என்பதால் மட்டும் காரியம் நடந்துவிடாது. தலைமை வகிப்பவர் அந்த இடத்தில் இருக்கவேண்டும்; இருந்து பார்க்கவும் வேண்டும்.

மேலும், தம்முடைய நியூ லானார்க் தொழிலாளிகளும் தம் தயவில் கிடப்பவர்களே என்பதை ஓவனே ஒப்புக்கொண்டிருக்கிறார். எஜமானன் நல்லவனாயிருப்பது தொழிலாளிக்கு உரிமை ஆகாது. நாளைக்கு வேறொரு எஜமானன் வந்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் அவர் 1815 முதல் சட்டத்துக்காகப் பாடுபட்டார். 1819-இல் வந்த சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வைக்கக்கூடாது என்றது. அவர் கேட்டதில் அது கால்பங்கு என்றாலும், தயவைச் சட்டமாக்கும் முயற்சி அது. நல்ல மேஸ்திரிக்குக் கடைசி அடையாளமும் அதுவேதான். தான் போனபிறகும் நியாயம் நிற்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறவனே தலைவன்.

நியூ லானார்க் ஆலைகள் 1968-இல் மூடப்பட்டன. 2001 முதல் அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே போய்ப் பார்க்க உங்களுக்கும் எனக்கும் வசதி இல்லாதிருக்கலாம். ஆனால் அங்கே நடந்ததைச் செய்து பார்க்க வசதி வேண்டியதில்லை. இங்கே வந்திருப்பவர்களில் நாலு பேரையாவது வேலை வாங்குகிறவர்கள் பலர் இருப்பீர்கள். நாளைக் காலையில் ஏதாவது தப்பு நேரும், நேராமல் இராது. அப்போது வாயைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். எங்கேயாவது ஒரு குழாய் அடைபட்டிருக்கிறதா என்று தேடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யவேண்டாம். ஒரு மாதம் செய்து பார்த்து, பிரயோஜனமில்லை என்று உங்கள் புத்திக்குப் பட்டால் தள்ளிவிடுங்கள்.