பேயோட்டுகிறவன் சொல்லும் வைத்தியர் சொல்லும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், மனோவியாதியுள்ளவர்களுடைய பயத்தையும் மனப்பதற்றத்தையும் ஹிப்னாடிசத்தால் தணிக்க முடியுமா என்பதாகும். நம் நாட்டில் இதற்கு "மனோவசியம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே கோளாறு இருக்கிறது. வசியம் என்றவுடன் மையும் தகடும் எலுமிச்சம் பழமும்தான் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருமே தவிர, வைத்தியம் ஞாபகம் வராது. ஆகவே, இந்தச் சங்கதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

ஐரோப்பாவில் மெஸ்மர் என்று ஒரு டாக்டர் இருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒருவிதக் காந்த சக்தி தம்மிடமிருந்து பாய்ந்து வியாதியைத் தீர்ப்பதாக அவர் சொன்னார். பாரிஸ் நகரத்துப் பெரிய மனிதர்களெல்லாம் அவரிடம் ஓடினார்கள். 1784ஆம் வருஷத்தில் பிரெஞ்சு அரசன் இதை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டான். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன அறிஞர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். அவர்கள் சாஸ்திரத்தைப் புரட்டவில்லை; பரீட்சை செய்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மெஸ்மரின் சீடர் "சக்தி" ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, சக்தி ஏற்றாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துப் போனார்கள். பையன் நாலாவது மரத்தண்டை மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரத்துக்கு அவன் போகவே இல்லை!

இதிலிருந்து என்ன விளங்குகிறது? மரத்தில் ஒன்றுமில்லை, பையனுடைய எதிர்பார்ப்பில்தான் எல்லாம் இருந்தது என்பது விளங்குகிறது. நம் ஊர் வேப்பமரத்து முனிக்கும் இந்தப் பரீட்சையே போதுமானதாகும்.

பிறகு 1841இல் மான்செஸ்டர் நகரத்தில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற சர்ஜன், இந்த வித்தையைப் புரட்டு என்றெண்ணியே பார்க்கப் போனார். பார்த்ததை வீட்டுக்கு வந்து தாமே செய்து பார்த்தார். காந்தமும் இல்லை, மாயமும் இல்லை, கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் சங்கதி என்று கண்டு, 1843இல் புத்தகம் எழுதினார். ஹிப்னாடிசம் என்ற பெயர் அவரால்தான் பரவிற்று. தூக்கம் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. ஆனால் அது தூக்கமுமல்ல. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நிதானமாக விட்டு, வைத்தியர் சொல்லுகிற சொல்லில் கவனத்தை வைக்கிறார். அவருக்குக் காது கேட்கும், அறிவு இருக்கும், வேண்டாமென்றால் எழுந்து விடலாம். உடல் தளருகிறது, பயத்தின் பிடி சிறிது தளருகிறது. அவ்வளவுதான். 1955இல் பிரிட்டிஷ் வைத்திய சங்கமும் இதை வைத்தியத்திற்கு உதவும் முறைகளில் ஒன்றாக ஒப்புக்கொண்டது.

தோழர்களே! இப்போது நம் ஊர்ப் பேயோட்டுகிறவனைப் பாருங்கள். உடுக்கை, சாம்பிராணிப் புகை, கூட்டம், அதட்டல் எல்லாம் எதற்கு? கவனத்தைக் கட்டுவதற்குத்தான். "ஆடு" என்கிறான், ஆடுகிறாள். "யார் நீ?" என்கிறான், ஊரில் தூக்குப் போட்டுக் கொண்டவள் பெயரைச் சொல்லுகிறாள். இந்துவுக்கு முனி பிடிக்கிறது, கிறிஸ்தவனுக்குச் சாத்தான் பிடிக்கிறது, முஸ்லிமுக்கு ஜின் பிடிக்கிறது. பேய் நிஜமானால் அது மதம் பார்த்தா பிடிக்கும்? பெரும்பாலும் மாமியாரை விட்டுவிட்டு மருமகளையே பிடிப்பானேன்? வாயைத் திறந்து தன் துன்பத்தைச் சொல்ல வழியில்லாதவள், பேயின் வாயால் சொல்லுகிறாள். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் (1898-1978) இப்படிப்பட்டவர்கள் பலரை ஹிப்னாடிச முறையில் அமைதிப்படுத்தி, வீட்டில் உள்ள உண்மையான துன்பம் என்னவென்று விசாரித்தார். இருவரும் உபயோகிப்பது சொல்லைத்தான். ஒருவன் சொல்லால் பயத்தை ஏற்றுகிறான். மற்றவர் சொல்லால் பயத்தை இறக்குகிறார்.

ஆனால், பூசாரியை இறக்கி விட்டு அந்தப் பீடத்தில் ஹிப்னாடிசக்காரனை ஏற்றும்படி நாம் சொல்ல வரவில்லை. மனப்பதற்றத்தைத் தணிக்க இது சிலருக்கு உதவும், அதுவும் மற்றச் சிகிச்சையோடு சேர்ந்து உதவும். மனோவியாதியை வேரோடு பிடுங்கிவிடாது. இல்லாத குரல் காதில் கேட்பவர்களுக்கும், எல்லோரும் தமக்குத் தீங்கு செய்வதாக நம்புகிறவர்களுக்கும் இதனால் தொல்லை அதிகமாகவும் கூடும். ஆதலால் அவர்களைப் பார்த்துவரும் டாக்டரின் யோசனையில்லாமல் இதில் இறங்கக் கூடாது. "மாத்திரையை நிறுத்து, நான் மூன்று நாளில் தீர்க்கிறேன்" என்பவனும், "போன ஜன்மத்தைக் காட்டுகிறேன்" என்பவனும் கோட்டுப் போட்ட மந்திரவாதிகளே. அந்த நிலையில் மனிதன் நடக்காததையும் நடந்ததாக நினைத்துக் கொள்ளுவான் என்பது பரீட்சையில் கண்ட உண்மை. பிறகு போன ஜன்மம் தெரிவதில் என்ன அதிசயம்?

கடைசியாக ஒன்று. மனோவியாதிக்காரருடைய பயத்தில் ஒரு பாகந்தான் வியாதியால் வருவது. மறு பாகம் நம்மால் வருவது. பைத்தியம் என்று பட்டம் கட்டுகிறோம். கலியாணம் கெட்டுவிடுமென்று அறைக்குள் ஒளிக்கிறோம். கோயிலென்றும், தர்காவென்றும், மாதா கோவிலென்றும் கொண்டுபோய் விடுகிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். எந்தக் கடவுளும் ஒரு சங்கிலியையாவது அவிழ்த்ததா? அவிழ்க்கச் சட்டம்தான் வர வேண்டியிருந்தது. மனோவியாதிக்காரரை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. காலில் சங்கிலியை வைத்துக் கொண்டு காதில் "பயப்படாதே" என்று எந்த வைத்தியர் சொன்னால்தான் என்ன பலன்?

ஆகையால் தோழர்களே! உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், மந்திரவாதிக்குக் கொடுக்கிற கோழியையும் பணத்தையும் மிச்சப்படுத்தி, சர்க்கார் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வெட்கப்படாதீர்கள். காய்ச்சலுக்கு யார் வெட்கப்படுகிறார்கள்? நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பவும் வேண்டாம். அந்தப் பையனை மரத்துக்கு மரம் அழைத்துப் போனவர்களைப் போல, நீங்களே பரீட்சித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.