தோல் பதனிடும் சீமோனின் வீடு



நான் பேராசிரியர் அல்ல, எழுத்தாளரும் அல்ல. அச்சகத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்து, மெய்ப்புத் திருத்துபவனாக ஓய்வு பெற்றவன். "அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகியவன் நான், என்னைப் பேசக் கூப்பிடாதீர்கள்" என்று அமைப்பாளர்களிடம் சொன்னேன். "யாருடைய நினைவாக இந்தக் கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார்கள். அதற்குமேல் மறுக்க முடியவில்லை. இன்று நாம் நினைவுகூரும் தோழர்தான் வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகங்களும் எனக்கானவை என்று காட்டியவர். 'கருக்கு' வெளிவந்த மறு ஆண்டு அதை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை வருஷமா வேதம் வாசிக்கிறீங்களே அண்ணே, அதுல உங்க அப்பா எங்க வர்றாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அப்பாவே அந்தப் பதிலை ஒரு நாள் சொல்லியிருந்தார். நான்தான் மறந்திருந்தேன்.

அப்பா திண்டுக்கல்லில் தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துகிற வேலை. சுண்ணாம்பு தின்ற கை, கால் விரல்கள். எந்தச் சோப்புக்கும் போகாத வாடை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்கு வந்தாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அங்கே உட்காரச் சொல்லி யாரும் எழுதி ஒட்டவில்லை. முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டையை எடுப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். அதனால் ஞாயிறு இரவு நான் வாசிப்பேன், அவர் கேட்பார். ஒரு நாள் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம் வந்தது. பேதுரு யோப்பா பட்டணத்துக்கு வந்து, தோல் பதனிடும் சீமோன் என்பவரிடத்தில் தங்கியிருந்ததாக அந்த அதிகாரம் முடிகிறது.

"திருப்பி வாசிடா தம்பி" என்றார் அப்பா. வாசித்தேன்.

"தோல்ஷாப்புக்காரன் வீட்லயா தங்குனாரு?"

"ஆமாப்பா."

"எத்தனை நாளு?"

"அநேக நாளுன்னு போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம அய்யரு நம்ம வீட்ல ஒரு வாய் காப்பி குடிச்சிருக்காரா?" என்றார். எங்கள் பக்கத்தில் சபைக் குருவை அய்யர் என்றுதான் சொல்வோம். அம்மா, "சும்மா இருங்க, பெரியவங்களப் பேசாதீங்க" என்று அடக்கிவிட்டார். நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

தோழரின் கேள்விக்குப் பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அன்றைய யூத சமூகத்தில் செத்த விலங்கைத் தொடுவது தீட்டு. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, இடுகாடு போலவே தோல் பதனிடும் இடமும் ஊருக்கு வெளியே 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்ததாக வேதம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அப்படிப்பட்ட தொழில் செய்தவரின் வீட்டில் பேதுரு தங்குகிறார், சாப்பிடுகிறார். அந்த வீட்டு மேல்வீட்டில் ஒரு மத்தியான வேளை ஜெபம் பண்ணும்போதுதான், வானத்திலிருந்து ஒரு விரிப்பில் எல்லா வகை விலங்குகளும் இறங்குகிற தரிசனத்தைக் காண்கிறார். கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்பது அந்தத் தரிசனத்தின் பொருள். அடுத்த நாள் புறப்பட்டுப் போய், கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் நுழைகிறார்.

இந்த அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எத்தனையோ பிரசங்கப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிரசங்கமும் கொர்நேலியு வீட்டுக்குப் போய்விடும். சீமோன் வீட்டில் ஒரு நிமிடம்கூடத் தங்காது. ஆனால் தீட்டு இல்லை என்கிற தரிசனம் அதிகாரியின் மாளிகையில் வரவில்லையே, தோல் ஊறுகிற வீட்டில்தானே வந்தது? இதை ஏன் யாருமே கவனிக்கவில்லை? என் அப்பா ஒரே வாசிப்பில் கவனித்தார். அவர் உட்கார்ந்திருந்த இடம் அப்படி.

நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்: ஒரு புத்தகம் என்ன சொல்கிறது என்பதில் பாதி, நாம் எந்த இடத்தில் உட்கார்ந்து அதை வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். 1707இல் அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் அடிமைகள் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இல்லாத தமிழ்ச் சீர்திருத்த சபை இல்லை. பெரும் புலவர்தான். ஆனால் 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் சாதிவாரியான தனி இருக்கையை ஒழிக்க முயன்றபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் முன்னணியில் நின்றவரும் அவரே. பாட்டைப் பாடுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடும்போது பின்வரிசையில் யார் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

எங்கள் பக்கத்தில் வேலை செய்த மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் ஒரு சோதனை வைத்தது. மிஷன் ஊழியர்கள் எல்லோரும் சாதி பாராமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் வேலையை விட்டுப் போனார்களே தவிர, அந்தச் சாப்பாட்டைத் தொடவில்லை. நூறு ஆண்டுக்குமேல் கழித்து, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று நாம் அன்போடு அழைத்த தியோபிலஸ் அப்பாவு, பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, 'ஒரே உலை' என்று பேசினார். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பதே நற்கருணை என்றார். 1847இல் கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்விதான்: சீமோன் வீட்டில் சாப்பிடுவாயா, மாட்டாயா?

இந்தக் கேள்வி கோயிலோடு முடிந்திருந்தால் ஒருவேளை நாம் உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அரசாங்கமும் அதில் சேர்ந்துகொண்டது.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள்.

சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவரின் வழக்கை மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். 1982இல் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். சூசைக்கு இல்லை, காரணம் அவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் எனச் சொல்லி, 1985இல் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரே வெயில், ஒரே ஊசி, ஒரே தோல். பக்கத்துத் தொழிலாளிக்கு நிழல் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. தோல் வாடையைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்தவர்களும் அந்த வாடைக்கு ஆதாரம் கேட்டவர்களும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள்.

இது என் வீட்டுக் கதையும்தான். அண்ணனைச் சேர்த்த பள்ளியில் தலைமை ஆசிரியர் இந்துப் பெயர் ஒன்றை எழுதிவிட்டார். என்னை ஞானஸ்நானப் பெயரில் மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். ஆகவே ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் எஸ்.சி., நான் பி.சி. அண்ணனுக்கு அரசு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து பகலில் கோயிலுக்கு வர அவருக்குப் பயம். யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் வேலை போய்விடும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு மட்டும் வந்து, அப்பா உட்கார்ந்த அதே கடைசி வரிசையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்காருவார். அவர் இறந்தபோது சந்தாப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கத் தயங்கினார்கள். சாயங்காலம்வரை பேசி ஓர் ஓரத்தில் அடக்கம் செய்தோம். அரசாங்கத்துக்கு அவர் போதுமான அளவு இந்துவாக இருக்க வேண்டியிருந்தது. சபைக்கு அவர் போதுமான அளவு கிறிஸ்தவராக இல்லை. போதுமான அளவு பறையராக மட்டும் இரண்டு இடத்திலும் இருந்தார்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் நல்லவனாக இறங்கிப் போகக் கூடாது.

ஈய எழுத்துக் கோக்கும் வேலையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வாசிக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் கை வேலை செய்யும், மனம் வாசிக்காது. எங்கள் அச்சகத்தில் ஒரு சபை இதழ் அச்சானது. அதில் முதல் பக்கத்தில் கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்று கட்டுரை இருக்கும். கடைசிப் பக்கத்தில் இன்ன சாதிக் கிறிஸ்தவ மணமகனுக்கு அதே சாதியில் மணமகள் தேவை என்று விளம்பரம் இருக்கும். இரண்டையும் நான்தான் கோத்தேன். பல வருடம் கோத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தினேன். அதைத் தவிர எதையும் திருத்தவில்லை.

இதைத் தோழரிடம் ஒரு நாள் சொல்லி அழுதேன். வேலையை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு அந்தச் சம்பளத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். "எழுதி வைங்க அண்ணே" என்றார். ஒரு நோட்டு வாங்கி, நான் கோத்த ஒவ்வொரு மணமகள் தேவை விளம்பரத்தையும் தேதி போட்டு எழுதினேன். ஒரு வருடம் முடிந்ததும் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன். நாலாவது பக்கம் போவதற்குள் ஒரு பெரியவர் எழுந்து, "அச்சடிக்கிறவன் அச்சடிக்கணும், வாசிக்கக் கூடாது" என்றார்.

தோழர்களே, என் வாழ்நாளில் வாசிப்பைப் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான பேச்சு அதுதான். நம்மிடம் இருந்து அவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். தோல் பதனிடு, செருப்புப் போடாதே. கோயிலைக் கட்டு, முன்வரிசைக்கு வராதே. வேதத்தை அச்சடி, வாசிக்காதே.

அந்த வாசிப்பால் விளம்பரம் நின்றதா என்றால், இல்லை. சாதிப் பெயரை எடுத்துவிட்டு 'தகுந்த குடும்பம்' என்று போட ஆரம்பித்தார்கள். ஆனால் அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, பின்வரிசைப் பெண்கள் நான்கு பேர் நோட்டைக் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பிறகு தோழரின் வாசிப்பு வட்டத்துக்கு வந்தார்கள்.

அந்த வட்டத்தில்தான் கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பாமாவின் கோபத்தை ஒன்றாக வாசித்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வாசித்தோம். தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற கத்தோலிக்கப் பெண்ணின் கதை அது. நமக்குக் கீழேயும் ஒரு வரிசை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து வாசித்தால் நாமும் குற்றவாளிகள் என்று அந்தப் புத்தகம் எங்களிடம் சொன்னது. அதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்தது. வரட்டும். சீமோன் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2010இல் டி. செல்வராஜின் 'தோல்' வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய கதை. அதை வாசித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஏன் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று இங்கே இருக்கும் இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அம்பேத்கர் தம் கட்டுரைகளில், மதம் மாறிய தீண்டாதவர்களின் துயரத்துக்காகக் கிறிஸ்தவம் போராடவில்லை என்று கடுமையாக எழுதினார். அவரது ஆங்கிலத் தொகுப்பின் 5ஆம் தொகுதியில் இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவர் 1956இல் தம் வழியைத் தேர்ந்துகொண்டார். அதில் போனவர்கள் என் சகோதரர்கள். நான் போகாததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் என் அப்பாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், உங்கள் வீட்டில் வேலை செய்து தேய்ந்த கை யாருடையதோ, அந்தக் கை அதில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுதி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "திருப்பி வாசி" என்று சொல்லும் இடத்தில் நில்லுங்கள். நான் அன்று பக்கத்தைப் புரட்டியதுபோலப் புரட்டிவிடாதீர்கள்.

தோழருக்கு என் அஞ்சலி. அவர் கேட்ட கேள்விக்கு, நேரம் கடந்து, இதுதான் என் பதில்: ஒன்பதாம் அதிகாரம், கடைசி வசனம். அப்பா அங்கேதான் இருக்கிறார்.