மக்கட் சபையில் மகளிர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

பாராளுமன்றத்திற் பெண்பாலார்க்குரிய இடம் யாது என்பது குறித்துச் சில சொல்லுமாறு சபையார் பணித்தனர். இது டில்லிக்குரிய செய்தி, நாஞ்சில் நாட்டு வேளாண்குடியினராகிய நமக்கு இதில் என்ன தொடர்பு எனச் சிலர் எண்ணலாம். நம் முன்னோர் கைக்கொண்டிருந்த மருமக்கள் வழியை நினைவு கூர்வார்க்கு அவ்வையம் எழாது.

மருமக்கள் தாயத்திற் குடி தாய்வழியே எண்ணப்பட்டது. சொத்தும் தாய்வழியே இறங்கிற்று. புறத்தே நின்று நோக்குவார், பெண்ணுக்கு இதனினும் மேலான உரிமை எங்குண்டு என வியப்பர். உண்மை யாது? திறவுகோல் காரணவர் மடியில் இருந்தது. நெல் அளப்பவரும் அவர், பாட்டம் பேசுபவரும் அவர், வழக்காடுபவரும் அவரே. கட்டிய மனைவிக்கும் பெற்ற மக்களுக்கும் உகந்துடைமை என்னும் ஓரளவான பங்கன்றி வேறில்லை. பெயர் பெண்ணினது, ஆட்சி ஆணினது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் மருமக்கள்வழி மான்மியத்தில் இவ்வல்லலை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே அமைத்துப் பாடியுள்ளார்கள். பாட்டினால் நெஞ்சு கனிந்தது. ஆயினும் குறை தீர்ந்தது 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் நிறைவேறிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தினாலேயாம். ஆதலின், சட்டம் செய்யும் அவையில் அமர்வார் யாவர் என்பது நம் வீட்டிற்குப் புறம்பான வினா அன்று.

பெண்கள் அவையேறுதல் தமிழ் மரபுக்கு மாறு என்பாரும் உளர். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஒளவையார். நம் நாட்டு வள்ளலாகிய நாஞ்சில் வள்ளுவனைப் பாடியவரும் அப்பெருமாட்டியே. பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்தவள் கண்ணகி. இவர்தம் பெருமையை மேடைதோறும் விரித்துரைத்துவிட்டு, இக்காலத்துப் பெண்ணை மட்டும் அவைவாயிலில் நிறுத்துதல் முறையாகுமா?

அவையிற் பெண் இருத்தலால் விளையும் பயன் யாதெனிற் கூறுவேன். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியவர்கள் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் அமர்ந்தார்கள். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்னும் தீர்மானத்தை அவ்வாண்டிலேயே கொண்டுவந்தார்கள். 1947-இல் அது முழுச் சட்டமாயிற்று. அவ்வழக்கத்தை அறியாதார் அச்சபையில் ஒருவரும் இலர். ஆயினும் அதனைத் தம் தலைமேற் சுமந்து வந்தவர் ஒரு பெண்ணே.

இனி, நம் நாட்டைப் பார்ப்போம். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த பெண்மணிகள் 15 பேர். அவருள் ஒருவராகிய ஆனி மஸ்கரீன் அம்மையார், பின்னர் முதற் பொதுத் தேர்தலில் திருவனந்தபுரத்தினின்று சுயேச்சையாக வென்று மக்களவை புக்கார். குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டிலேயே குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் அம்மையார் காமராசர் அமைச்சரவையில் அமைச்சரானார். தொடக்கம் இத்துணைச் சிறப்புடைத்து. பின்னர் நிகழ்ந்தது யாது? முதற் பொதுத் தேர்தல் தொடங்கி 2024 வரை நடந்த பொதுத் தேர்தல்கள் 18. நாகர்கோவில் என்றும், பின்னர்க் கன்னியாகுமரி என்றும் பெயர்பெற்ற நம் தொகுதியினின்று மக்களவை சென்ற பெண் ஒருவரே. 2009-இல் வென்ற ஹெலன் டேவிட்சன் அம்மையார் அவர்.

நாடு முழுமைக்கும் கணக்குப் பார்ப்பினும் நிலை இதுவே. 543 இடங்களில் 2019-இல் வென்ற பெண்கள் 78 பேர். 2024-இல் 74 பேர். தமிழகத்தின் 39 இடங்களில் 2024-இல் வென்றவர் 5 பேர். வாக்குச்சாவடியிற் பெண்கள் ஆண்களுக்குச் சிறிதும் குறையாமல் வரிசையில் நிற்கின்றனர். வேட்பாளர் பட்டியலிலோ அவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. ஒரு பெண் தலைமையேற்றுவிட்டாற் குறை தீர்ந்துவிடும் என்பதும் பொருந்தாது. உலகின் முதற் பெண் பிரதமரை 1960-இற் கண்டது இலங்கை; அந்நாட்டில் 2024-இலும் பெண் உறுப்பினர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கினரே. ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவோ 2003-இல் தன் அரசியற் சட்டத்திலேயே பெண்களுக்கு நூற்றுக்கு முப்பது இடங்களை வரையறுத்தது. 2008-இல் அந்நாட்டு மக்களவையிற் பெண்களே பெரும்பான்மையினராயினர்.

நம் நாட்டில் இதற்கான மசோதா முதன்முதல் 1996-இல் வந்தது. 27 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் 106-ஆவது திருத்தச் சட்டமாக நிறைவேறி, மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கிற்று. ஆயின், குடிக்கணக்கும் தொகுதி வரையறையும் முடிந்தபின்னரே நடைமுறைக்கு வரும் என்னும் விதியோடு நிறைவேறியமையால், 2024-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு அது பயன்படவில்லை.

தடை கூறுவார் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: பஞ்சாயத்தில் மனைவி தலைவராயிருப்பினும் நாற்காலியில் அமர்பவன் கணவனே என்பர். மெய்தான், அவ்வாறான ஊர்கள் உள. இது நாம் முன்பு கண்ட காரணவர் ஆட்சியே அன்றோ? நம் பெரியோர் காரணவரைக் காட்டிப் பெண்ணின் உரிமையைக் குறைத்தாரில்லை. காரணவரின் அதிகாரத்தையே குறைத்தனர். நோய்க்கு மருந்து அதுவே. கையெழுத்திடுபவளே கணக்கையும் பார்க்கட்டும். கூட்டத்திலும் அவளே பேசட்டும். கணவன்மார் வீட்டிலிருக்கட்டும்.

ஆகலின் சபையார்முன் விண்ணப்பம் ஒன்று வைக்கின்றேன். தேர்தல் வருந்தோறும் நம்மவர்க்கு ஓரிடம் தருக எனக் கட்சித் தலைவர்களை நம் சங்கம் கேட்டு வருகிறது. அந்த 'நம்மவர்' என்னும் சொல் இதுகாறும் ஆணையே குறித்தது. இனி நம் சங்கத்தின் நிருவாகக் குழுவில் மூன்றில் ஓரிடம் பெண்களுக்கென விதியைத் திருத்துவோம். டில்லிச் சட்டத்திற்குக் குடிக்கணக்கு வேண்டும். நம் விதிக்கு இச்சபையில் உயரும் கைகள் போதும். சங்கத்திற் பேசிப் பழகியவளே நாளை மக்களவையிலும் பேசுவாள்.

குமரியன்னையின் திருவருள் துணை நிற்க.